தலைகீழாகாத கொடி

அமெரிக்க நாட்டுக் கொடியைத் தலைகீழாக ஏற்றினால், உயிருக்கோ உடைமைக்கோ பேராபத்து, உதவிக்கு வாருங்கள் என்று பொருள். அந்நாட்டின் கொடி விதிகளே அப்படிச் சொல்கின்றன. 1970களில் அந்நாட்டுக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பணியாற்றியவர் மோனிகா ஹெல்ம்ஸ் என்ற திருநங்கை. 1999இல் திருநர் சமூகத்துக்காக அவர் வடிவமைத்த கொடியில் தலைகீழ் என்பதே கிடையாது.

மொத்தம் ஐந்து பட்டைகள். இரு ஓரங்களிலும் வெளிர்நீலம், அவற்றை அடுத்து இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை. எந்தப் பக்கத்தை மேலே வைத்தாலும் அதே வரிசைதான் வரும். எப்படி ஏற்றினாலும் கொடி சரியாகவே பறக்கும். தங்கள் வாழ்வில் தங்களுக்குச் சரியானதைத் திருநர் கண்டடைவதன் அடையாளம் அது என்று ஹெல்ம்ஸ் விளக்கியிருக்கிறார். உடுத்துவது, நடப்பது, பேசுவது எல்லாமே தப்பு என்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் 'சரி' எவ்வளவு பெரியது!

தன்பால் ஈர்ப்பாளர்களுக்காகக் கில்பர்ட் பேக்கர் வடிவமைத்த வானவில் கொடி 1978இலேயே சான் பிரான்சிஸ்கோவில் பறந்துவிட்டது. பிறகு ஏன் இன்னொன்று? யார்மீது ஈர்ப்பு என்பது வேறு, நான் யார் என்பது வேறு. இருபால் ஈர்ப்பாளர்களுக்கு 1998இல் தனிக்கொடி தந்த மைக்கேல் பேஜுடன் பேசிய பிறகே ஹெல்ம்ஸுக்கும் திருநருக்கெனத் தனிக்கொடி வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

நீலம் ஆண் குழந்தைக்கு, இளஞ்சிவப்பு பெண் குழந்தைக்கு என்ற வழக்கத்திலிருந்து வண்ணங்களை எடுத்தார். அந்த வழக்கமும் தொன்மையானதல்ல. 1918இல் அமெரிக்கக் குழந்தை ஆடை வணிக இதழ் ஒன்று, இளஞ்சிவப்பு ஆண் குழந்தைக்கே பொருத்தம் என்று நேர்மாறாக எழுதியது.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கொடியின் உயிர் நடுவிலுள்ள வெள்ளைப் பட்டைதான். பாலின மாற்றத்தின் வழியில் இருப்பவர்கள், இடைப்பாலினத்தவர், எந்தப் பாலினத்திலும் தம்மை வைத்துப் பார்க்காதவர்கள் ஆகியோருக்கான இடம் அது. திருநங்கை, திருநம்பி என்ற இரு சொற்களிலும் அடங்காதவர்களை ஓரத்தில் ஒதுக்காமல் மையத்தில் அமர்த்தியிருக்கிறார் ஹெல்ம்ஸ்.

2000ஆம் ஆண்டு அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரப் பேரணியில் கொடி முதன்முதலாகப் பறந்தது. 2018இல் டேனியல் குவேசர் வானவில் கொடியைப் புதுக்கியபோது இம்மூன்று வண்ணங்களையும் அதில் சேர்த்தார். 2020இல் திருநர் கொடி கைபேசி எமோஜியாகவும் வந்தது. ஹெல்ம்ஸ் தைத்து வாங்கிய முதல் கொடி இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 19 அன்று அவரே அதைக் கொடுத்தார்.