மோட்டார் சைக்கிளின் பொறிக் கொள்ளளவை அறிதல்

பொறிக் கொள்ளளவை அறிதல் என்பது, பலர் கைமாறி உறுப்புகள் மாற்றப்பட்ட மோட்டார் சைக்கிளில் இப்போது உள்ள பொறியின் உண்மையான கொள்ளளவைக் கண்டறிவதாகும். கொள்ளளவு கன சென்டிமீட்டரில் கூறப்படுகிறது. பேச்சு வழக்கில் இது சி.சி. எனப்படும். எரிபொருள் தொட்டியில் எழுதப்பட்ட பெயரும், பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி. புத்தகம்) உள்ள எண்ணும் அவ்வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது இருந்த நிலையைக் காட்டுவன. இப்போதைய நிலையை உருளையின் (சிலிண்டர்) அளவுகளே காட்டும்.

பின்னணி

திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு ஏரியின் ஒரு பகுதி அமைந்துள்ளது. இவ்வேரி ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களிலிருந்து மீன், இறால், நண்டு ஆகியவற்றைப் பொன்னேரிக்கும் அதற்கு அப்பாலும் கொண்டு செல்வதில் இரு சக்கர வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பனிக்கட்டிப் பெட்டியைக் கட்டிச் செல்ல வலுவும் விலைக் குறைவும் தேவைப்படுவதால், இவ்வாறான தொழிலில் இருப்போர் பழைய வண்டிகளை வாங்குவது வழக்கம்.

இத்தகைய வண்டிகளில் சட்டகமும் பொறியும் ஒரே வண்டிக்கு உரியவையாக இருக்கும் என்று கொள்ள இயலாது. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் பொறி, உருளை, பெட்ரோல் தொட்டி முதலியன தனித்தனியே விற்கப்படுகின்றன. சென்னையின் மீன்பாடி வண்டிகளில் பழைய இரு சக்கர வண்டிகளின் பொறிகள் பொருத்தப்பட்டதும் பலர் அறிந்ததே. மேலும், ஏரிக்கரையின் உப்புக் காற்று இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதோடு, அலுமினியப் பொறி உறையின்மீது வெண்ணிறப் படிவையும் உண்டாக்குகிறது. இதனால் பொறிக்கப்பட்ட எண்கள் மங்கிவிடுகின்றன.

கொள்ளளவின் பொருள்

பிஸ்டன் தன் கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குச் செல்லும்போது கடக்கும் இடத்தின் கன அளவே கொள்ளளவு ஆகும். இதற்கு மூன்று அளவுகள் தேவை: உருளையின் உள்விட்டம் (போர்), பிஸ்டனின் வீச்சு (ஸ்ட்ரோக்), உருளைகளின் எண்ணிக்கை.

கொள்ளளவு = 0.7854 × விட்டம் × விட்டம் × வீச்சு × உருளைகளின் எண்ணிக்கை

விட்டமும் வீச்சும் சென்டிமீட்டரில் இருந்தால் விடை கன சென்டிமீட்டரில் கிடைக்கும். இரு வீச்சுப் பொறி, நான்கு வீச்சுப் பொறி ஆகிய இரண்டிற்கும் இதே வாய்பாடு பொருந்தும். தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் சில வண்டிகளின் அளவுகள் மில்லிமீட்டரில் வருமாறு:

* டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர்: 46 × 42, ஏறத்தாழ 70 சி.சி.
* ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர்: 50 × 49.5, 97.2 சி.சி.
* யமஹா ஆர்.எக்ஸ். 100: 50 × 50, 98.2 சி.சி.
* யமஹா ஆர்.எக்ஸ். 135: 58 × 50, 132.1 சி.சி.
* யெஸ்டி 250: 65 × 75, 248.9 சி.சி.
* ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 (பழைய வகை): 70 × 90, 346.4 சி.சி.
* ராயல் என்ஃபீல்டு புல்லட் 500: 84 × 90, 498.8 சி.சி.
* ராஜ்தூத் 350: 64 × 54, இரு உருளைகள், 347.4 சி.சி.

வண்டியின் பெயரில் உள்ள எண் தோராயமானது என்பதை இப்பட்டியலிலிருந்து அறியலாம். 135 எனப் பெயர் பெற்ற வண்டியின் கொள்ளளவு 132 சி.சி. மட்டுமே.

பொறி எண்ணின் வரம்பு

பழைய வண்டியை வாங்குவோர் முதலில் பொறி எண்ணையும் சட்டக எண்ணையும் (சேசிஸ் எண்) பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட வேண்டும். நடுவண் அரசின் வாகன் தரவுத்தளத்திலும் பதிவு எண்ணைக் கொண்டு வண்டியின் விவரங்களைச் சரிபார்க்கலாம். பொறி முழுவதுமாக மாற்றப்பட்டிருந்தால் இந்த ஒப்பீட்டிலேயே தெரிந்துவிடும்.

ஆயினும் பொறி எண் பொருந்துவதால் மட்டும் கொள்ளளவு மாறவில்லை என்று முடிவு செய்ய இயலாது. பொறி எண் பொதுவாகக் கிராங்க் அமைந்துள்ள அடிப்பகுதி உறையில் பொறிக்கப்படுகிறது. உருளையோ அதன்மேல் தனியே பொருத்தப்படும் உறுப்பாகும். ஆர்.எக்ஸ். 100, ஆர்.எக்ஸ். 135 ஆகிய இரண்டிற்கும் வீச்சு 50 மி.மீ. என்பதால், முன்னதன் அடிப்பகுதியில் பின்னதன் உருளையைப் பணிமனைகளில் பொருத்துவதுண்டு. அப்போது பொறி எண்ணில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. கொள்ளளவோ மூன்றில் ஒரு பங்கிற்கும் சற்று மேலாகக் கூடிவிடுகிறது. புல்லட் 350, 500 ஆகியவற்றின் வீச்சும் ஒன்றே. திருவொற்றியூரில் உருவாக்கப்பட்ட இவ்வண்டிகளில் உறுப்பு மாற்றங்கள் மிகுதி என்பதால் இங்கும் அதே கவனம் தேவை.

மங்கிய எண்ணைப் படித்தல்

எண் மங்கியிருந்தால் உப்புத்தாள் கொண்டு தேய்த்தல் கூடாது. தேய்த்த தடம், எண் திருத்தப்பட்டதோ என்ற ஐயத்தைப் பின்னாளில் ஆய்வு அலுவலரிடம் எழுப்பும். மண்ணெண்ணெய் தோய்த்த மென்தூரிகையால் அழுக்கை நீக்கி, துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தடவினால் பள்ளங்களில் தூள் தங்கி எண் தெளிவாகும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து ஒளிப்படம் எடுப்பதும் பயன் தரும். எழுத்துகளின் ஆழம் சீராக இல்லாமை, வரிசை கோணலாக இருத்தல், அவ்விடம் மட்டும் அரம் போட்டது போல் பளபளத்தல் ஆகியன எண் திருத்தப்பட்டதற்கான அறிகுறிகள்.

அளந்து அறியும் முறை

உறுதியான முறை, உருளையின் தலைப்பகுதியைக் (ஹெட்) கழற்றி அளப்பதாகும்.

1. வெர்னியர் அளவியால் உருளையின் உள்விட்டத்தை இரு திசைகளில் அளக்க வேண்டும். தேய்ந்த உருளை நீள்வட்டமாக இருக்கும்.
2. கிராங்கைக் கையால் சுழற்றி, பிஸ்டன் மிக மேலே இருக்கும்போதும் மிகக் கீழே இருக்கும்போதும் அதன் மேற்பரப்பின் ஒரே இடத்தின் ஆழத்தை அளக்க வேண்டும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடே வீச்சு.
3. பிஸ்டன் தலையில் உள்ள குறிகளைப் பார்க்க வேண்டும். 0.25, 0.50 போன்ற எண்கள் மில்லிமீட்டரில் பிஸ்டன் எவ்வளவு பெரியது என்பதைக் குறிக்கும்.

எடுத்துக்காட்டாக, ஆர்.எக்ஸ். 100 என்று விற்கப்படும் வண்டியில் விட்டம் 5.8 செ.மீ., வீச்சு 5 செ.மீ. எனக் கிடைத்தால், 0.7854 × 5.8 × 5.8 × 5 = 132.1 சி.சி. ஆகும். அதில் இருப்பது 135 வண்டியின் உருளை.

தலைப்பகுதியைக் கழற்ற விற்பவர் இசையாவிடில், தீப்பொறிச் செருகியை (ஸ்பார்க் பிளக்) நீக்கி, அத்துளை வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி வீச்சை அளக்கலாம். துளை உருளைக்கு நேராக இருந்தால் மட்டுமே இவ்வளவு சரியாக இருக்கும். சாய்வான துளையில் உண்மை வீச்சைவிட மிகுதியாகக் காட்டும். மேலும் இம்முறையால் விட்டத்தை அறிய இயலாது. ஆகவே உருளை மட்டும் மாற்றப்பட்ட வண்டிகளில் இம்முறை ஏமாற்றிவிடும்.

தேய்மானமும் மாற்றமும்

அளவில் காணும் எல்லா வேறுபாடும் உறுப்பு மாற்றத்தால் வந்தது அன்று. தேய்ந்த உருளையைக் கடைந்து (ரீபோர்) சற்றுப் பெரிய பிஸ்டனைப் பொருத்துவது வழக்கமான பழுதுநீக்கம் ஆகும். ஆர்.எக்ஸ். 100 வண்டியில் 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன் இருந்தால் கொள்ளளவு 100.1 சி.சி. ஆகும். புல்லட் 350 வண்டியில் விட்டம் 70.5 மி.மீ. ஆகும்போது கணக்குப்படி 351.3 சி.சி. வரும். இவ்வாறு ஓரிரு விழுக்காடு கூடுவது பழுதுநீக்கத்தால் வந்தது எனக் கொள்ளலாம். 98 என்பது 132 ஆவதும், 346 என்பது 499 ஆவதும் உருளை மாற்றத்தால் மட்டுமே நிகழும்.

சட்டமும் காப்பீடும்

இந்தியாவில் மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணம் கொள்ளளவை ஒட்டி அமைகிறது. 2022 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆண்டுக் கட்டணம் 75 சி.சி. வரை 538 ரூபாய், 75க்கு மேல் 150 வரை 714 ரூபாய், 150க்கு மேல் 350 வரை 1,366 ரூபாய், 350க்கு மேல் 2,804 ரூபாய் ஆகும். ஆர்.எக்ஸ். 100 வண்டியில் 135 உருளையைப் பொருத்தினாலும் கட்டணப் பிரிவு மாறுவதில்லை. புல்லட் 350 வண்டி 500 ஆக்கப்பட்டால் பிரிவு மாறுகிறது.

கட்டணம் ஒருபுறமிருக்க, மாற்றமே சட்டப்படி கேள்விக்குரியது. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், இசைவின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்க வழி செய்துள்ளது.

மாற்றத்தைச் செய்தவர் முந்தைய உரிமையாளராக இருந்தாலும், பெயர் மாற்றத்திற்குப் பின் வண்டிக்குப் பொறுப்பாவது வாங்கியவரே. 15 ஆண்டுகள் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டி ஆய்வுக்கு உட்படுகிறது. விபத்து நேர்ந்து காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பொறியைப் பிரித்துப் பார்க்கும்போதும் வேறுபாடு வெளிப்படலாம். அப்போது இழப்பீடு தொடர்பாகத் தகராறு எழ வாய்ப்புண்டு. வண்டியை நம்பி நாள்தோறும் மீன் ஏற்றிச் செல்பவருக்கு இது பிழைப்பையே நிறுத்தக்கூடிய இழப்பாகும். பணம் கொடுப்பதற்கு முன், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு உருளையை அளப்பதே இதற்குரிய எளிய காப்பு.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* இரு வீச்சுப் பொறி
* ராயல் என்ஃபீல்டு
* பழவேற்காடு ஏரி