நாய்ப் பதிவும் நாய்ப் பெருக்கமும்



பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியில், தேயிலை மலைகளுக்கு நடுவே எங்கள் பாடசாலை அமைந்துள்ளது. மார்கழி மழை ஓய்ந்து பாடசாலை மீண்டும் தொடங்கிய ஒரு காலைப்பொழுதில், வாயிற்கதவின் அருகே பால்மாப் பெட்டி ஒன்று கிடக்கக் கண்டேன். உள்ளே ஐந்து நாய்க்குட்டிகள். கண் திறந்து சில நாட்களே ஆகியிருக்கும். ஐந்தும் பெண்குட்டிகள்.

முந்திய தவணையிலும் இவ்வாறே ஒரு பெட்டி வந்திருந்தது. அதிலும் பெண்குட்டிகளே இருந்தன. இருமுறை நிகழ்வதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் இடந்தரவில்லை. விசாரித்ததில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு, “சேர், ஆண்குட்டி ரெண்டையும் வீட்டுல வெச்சிக்கிட்டோம். பொட்டைக்குட்டி வேணாம்னு அப்பா சொல்லிட்டாரு” என்றாள். கொன்றுவிட மனமின்றியே இங்கு கொண்டுவந்து வைத்ததாகவும் சொன்னாள். நாய் வைரவரின் வாகனம் என்று வணங்கும் மக்கள் அதைக் கொல்லத் துணிவதில்லை. ஆனால் லயத்து வீட்டில் பெண்நாயை வைத்துக் காக்கவும் இயலுவதில்லை. பாடசாலைக்குச் சோற்றுப் பார்சல் வருகிறது, பிள்ளைகள் எறியும் மிச்சத்தில் அவை பிழைத்துக்கொள்ளும் என்பது அவர்களுடைய கணக்கு.

அக்கணக்கைச் சற்று நீட்டிப் பார்ப்போம். பெண்நாயொன்று ஓராண்டு நிறையும் முன்னரே பருவமடைந்துவிடக்கூடும். அதன் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஆண்டுக்கு இருமுறை, ஈற்றுக்கு நான்கைந்து குட்டிகள் என்று கொண்டால், கைவிடப்பட்ட ஐந்து பெண்குட்டிகளில் இரண்டு பிழைத்தாலும் அடுத்த ஆண்டில் வீதியில் பதினாறுக்குக் குறையாத புதிய குட்டிகள் பிறக்கும். பெரும்பாலானவை வாகனத்திற்கும் நோய்க்கும், சில வேளை இரவில் லயத்தோரம் வரும் சிறுத்தைக்கும் இரையாகும் என்பது உண்மையே. எஞ்சுவன போதுமானவை.

இதனை வெறும் அனுதாபத்துக்குரிய விடயமாக நான் எடுத்துரைக்கவில்லை. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தெருநாயிடம் கடிபட்டு, வீட்டில் ஏச்சு விழுமென்று அஞ்சி மூன்று நாட்கள் எவரிடமும் சொல்லாதிருந்தான். உடற்பயிற்சி வேளையில் அவன் நொண்டுவதைக் கண்ட ஆசிரியர் ஒருவரே காலைப் பார்த்தார். அன்றே பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றோம், ஊசி ஏற்றப்பட்டது, பிள்ளை நலமாக இருக்கிறான். நீர்வெறுப்பு நோயின் அறிகுறி தோன்றிய பின்னர் மருத்துவம் ஏறக்குறையக் கையறு நிலையிலேயே நிற்கிறது. கடித்த இடத்தை உடனே சவர்க்காரமும் ஓடும் நீருங்கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலையை நாடுவதே உயிரைக் காக்கும் வழி. தோட்டத்துப் பெற்றோர் சிலர் இன்னும் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுகின்றனர். நாட்சம்பளத்தை இழந்து பதுளைக்கு வருவது அவர்களுக்கு இலகுவான காரியமன்று.

இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் இந்நோயினால் 377 பேர் மாண்டனர். 1975 இல் தொடங்கிய தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பயனாகவும், நாய்களுக்குத் தடுப்பூசி பரவலாக ஏற்றப்பட்டதனாலும், அண்மைக்காலத்தில் இத்தொகை ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவிற்குக் குறைந்துள்ளது. இது பெருஞ்சாதனை. எனினும் ஒரு பிரதேசத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதேனும் தடுப்பூசி பெற்றிருந்தால்தான் நோயின் தொடர் அறுபடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. குட்டிகள் ஓயாது பிறந்துகொண்டே இருக்கும் இடத்தில் சென்ற ஆண்டு எட்டிய எழுபது இவ்வாண்டு ஐம்பதாகச் சரிந்துவிடும். நாய்ப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தாமல் ஊசியை மட்டும் நம்பியிருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

இதற்கென நம் நாட்டில் சட்டம் இல்லையோ எனின், உண்டு. மிகப் பழைய சட்டமும் உண்டு. நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டம் 1893 இல் இயற்றப்பட்டது. நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டம் 1901 இல் வந்தது. உரிமையாளர் ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் கட்டணஞ் செலுத்தித் தம் நாயைப் பதிவுசெய்தல் வேண்டும் என்பது பின்னதன் சாரம். உரிமையாளரற்ற நாய்களைப் பிடித்துக் கொல்வதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. எனது இளமையில் நாய் பிடிக்கும் வண்டியைக் கண்டு பிள்ளைகள் தத்தம் நாய்களை அணைத்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்த காட்சி இன்னும் நினைவிலிருக்கிறது. 2006 ஆம் ஆண்டில் அரசு அவ்வழக்கத்தை நிறுத்தி, கருத்தடைச் சத்திரசிகிச்சையையும் தடுப்பூசியையும் கொள்கையாக ஏற்றது. கொழும்பு மாநகரில் 2007 முதல் இவ்விரண்டையும் ஒருங்கே மேற்கொண்டதில் நாய்களிடையே இந்நோய் வெகுவாகக் குறைந்தது.

பதிவுச் சட்டம் மாத்திரம் ஏன் உறங்கியது? சில ரூபாவென்று ஒருகாலத்தில் விதித்த கட்டணத்தை அறவிடும் செலவு, கட்டணத்தையே விஞ்சிவிட்டது. இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே 1878 இல் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று நிர்ணயித்த நாய் அனுமதிக் கட்டணம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உயர்த்தப்படாமலே கிடந்து, 1980களின் இறுதியில் நீக்கப்பட்டது. கட்டியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கட்டாதவருக்கு ஒரு நட்டமும் இல்லை. அத்தகைய வரி எங்ஙனம் நிலைக்கும்? கனடாவின் கால்கரி நகரமோ வேறு வழியிற் சென்றது. கருத்தடை செய்த நாய்க்குக் குறைந்த கட்டணம், செய்யாத நாய்க்குக் கூடிய கட்டணம். திரண்ட பணம் பிராணிகளுக்கான பணிக்கே செலவாகும். தொலைந்த நாய் இலக்கத் தகட்டின் உதவியால் வீடு வந்து சேரும். அந்நகரத்தார் விரும்பிப் பதிவுசெய்ததன் இரகசியம் அதுவே.

அம்முறையை அப்படியே ஊவாத் தோட்டங்களுக்குக் கொண்டுவரலாம் என்பாருடன் நான் உடன்படேன். கருத்தடை செய்யாத நாய்க்குக் கூடிய கட்டணம் என்ற விதி, கருத்தடை எளிதிற் கிடைக்கும் இடத்திலேதான் நீதியாகும். 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. தனியார் மிருக வைத்தியரிடம் பெண்நாய்க்குச் சத்திரசிகிச்சை செய்விக்க அத்தகைய பல நாட்சம்பளம் வேண்டும், போக்குவரத்து வேறு. இந்நிலையில் பெண்நாய்க்குக் கட்டணத்தை உயர்த்தினால் விளைவு யாது? பால்மாப் பெட்டிகள் பெருகும். வரிக்கு அஞ்சியவன் நாயைக் கைவிடுவான். கைவிட்ட நாய்க்கு எவனும் உரிமையாளன் அல்லன்.

மற்றொரு சிக்கலும் உண்டு. நகரத்தார் பலர் அதனை அறியார். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்துவந்தது. வாக்களிப்பவர் தோட்டத்தார், பாதையும் விளக்கும் குப்பை வண்டியும் வேறிடத்தார்க்கு. 2018 இல் அப்பிரிவு திருத்தப்பட்டு வழி திறந்தது. வழி திறந்தும் நடப்பவர் குறைவு. தோட்டத்து நாய்க்கும் இக்கதியே: சபை தோட்ட நிருவாகத்தைக் காட்டும், நிருவாகம் சபையைக் காட்டும், கால்நடை அலுவலகத்தாருக்கோ பால் மாடுகளே முதற் கடமை.

பதிவு செய்யச் சென்றாலும் முகவரி கேட்பார்கள். லயத்து அறைகள் பலவற்றிற்குத் தனி முகவரி இல்லை. மனிதருக்கே கடிதம் தோட்டக் கந்தோரின் பெயரில் வருகையில் நாய்க்கு எங்கே போவது? பகலெல்லாம் வீட்டார் மலையில் கொழுந்து பறிக்க, நாய் லயம் முழுவதற்கும் பொதுவாய்த் திரிகிறது. ஆதலின் வீட்டுக்கு வீடு என்றன்றி, லயத்து இலக்கத்தின்மேல் பதிவேடு திறப்பதே நடைமுறைக்கு உகந்தது. பிரட்டுக்களத்தில் காலை பெயர் கூப்பிடும் நேரத்திலேயே அதனை எழுதி முடித்துவிடலாம்.

முதலாவதாக, பிரதேச சபையும் மாகாணக் கால்நடை வைத்தியர்களும் சுகாதார வைத்திய அதிகாரியும் கூடி, விடுமுறை நாட்களில் தோட்டத்துக்குத் தோட்டம் நடமாடும் சத்திரசிகிச்சை முகாம் நடத்தவேண்டும். பெண்நாய்களுக்கே முதலிடம், கட்டணம் வேண்டா. அங்கேயே ஊசி, அங்கேயே பதிவு, அங்கேயே கழுத்துத் தகடு. இரண்டு மூன்று ஆண்டு இவ்வாறு சென்றபின், கருத்தடை செய்யாத நாய்க்குக் கட்டணம் விதிக்கட்டும். இனவிருத்தி செய்து குட்டி விற்போரிடம் மட்டும் முதல் நாளிலிருந்தே கட்டணம் அறவிடலாம். பண்டாரவளையிலும் பதுளையிலும் சாதி நாய்க்குட்டிகளை நல்ல விலைக்கு விற்பவர்க்கு அது பாரமாகாது. வரும் பணத்தை வேறு செலவில் கலவாது தனிக் கணக்கில் வைத்தல் இன்றியமையாதது. அவ்வாறு வைக்காத சபையின் வார்த்தையை நான் நம்பமாட்டேன்.

பாடசாலைக்கு வந்த ஐந்து குட்டிகளில் இரண்டு முதல் வாரத்திலேயே இறந்தன. ஒன்றைக் காவலாளி எடுத்துச் சென்றார். எஞ்சிய இரண்டும் பாடசாலை வளவிலேயே வளர்கின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தபோது அவற்றுக்கு ஊசி ஏற்றுவித்தேன். பதிவு செய்ய ஓர் அலுவலகத்திற்குச் சென்றபோது, அதற்குரிய புத்தகம் எங்கே இருக்கிறதென்று தேடவேண்டும் என்றனர். அவற்றின் தாய்நாய் இன்னும் அந்த மாணவியின் லயத்தில்தான் இருக்கிறது. மறுபடியும் சினையாயிருப்பதாகச் சென்ற வாரம் அவள் சொன்னாள்.