வியாழக்கிழமை சாயங்காலமே இருக்கன்குடிக்கு வந்துவிடுங்கள்!

ஏப்ரல் பிறந்ததும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறை தேடி, கிடைத்த அறைக்குக் கேட்கும் வாடகையில் மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துத் தெற்கே இழுத்துக்கொண்டு போக எனக்கு ஆசை. மதுரை–திருநெல்வேலி ரயில் பாதையில் சாத்தூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 8 கிலோமீட்டர். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் மாரியம்மன் உட்கார்ந்திருக்கிறாள். ஊர் இருக்கன்குடி. நாள், பங்குனி மாதத்துக் கடைசி வெள்ளி.

சித்திரை வழக்கமாக ஏப்ரல் 14-ல் பிறப்பதால், இந்த வெள்ளி ஏப்ரல் 7-க்கும் 13-க்கும் நடுவில் விழும். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்காதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்! அது எல்லோரும் பார்க்கிற திருவிழா. வியாழக்கிழமை சாயங்காலமே வந்து, ராத்திரி கண் விழித்து, அந்தத் திருவிழாவைச் சனங்கள் எப்படிக் கட்டி எழுப்புகிறார்கள் என்று பாருங்கள். அதற்கு டிக்கெட் கிடையாது, பாஸ் கிடையாது, தடுப்புக் கயிறு கிடையாது. எந்த அடுப்புப் பக்கமும் போய் நிற்கலாம்.

பங்குனியில் வைப்பாறு மணலாகத்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஓடுகிற ஆறு அது. வெயில் சாயச் சாய அந்த மணல் ஊராகிவிடும். மினி லாரியும் டெம்போவும் வந்து நிற்கும். குழந்தைகள் குதிப்பார்கள், பின்னால் அண்டா இறங்கும், கடைசியில் கிடா இறங்கும். நாலு கம்பை நட்டு ஒரு தார்ப்பாயைக் கட்டினால் வீடு ஆயிற்று. மூன்று கல்லை வைத்துச் சீமைக்கருவேல விறகைச் செருகினால் அடுப்பங்கரையும் ஆயிற்று. யாரும் கோடு போட்டுத் தரவில்லை. ஆனாலும் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆள் நடக்கப் பாதை விட்டிருப்பார்கள். இருட்டுவதற்குள் அந்தப் பாதைகள் தெருக்களாகிவிடும்! பக்கத்துத் தார்ப்பாய்க்காரர் கேட்கிற முதல் கேள்வி, “எந்த ஊரு நீங்க?” இரண்டாவது, “சாப்பிட்டாச்சா?” இரண்டாவதற்கு எந்தப் பதில் சொன்னாலும் இலை விழும்.

கிடா நேர்ச்சை உள்ள குடும்பத்தின் பக்கம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கிடாவுக்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உலுக்கினால்தான் ஆத்தாள் உத்தரவு கொடுத்த மாதிரி. அதுவரைக்கும் மொத்தக் குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சில கிடாக்கள் சட்டென்று உலுக்கிவிடும். சில லேசில் மசியாது. தண்ணீர்ச் செம்பு திரும்பத் திரும்ப நிறைந்து வரும், வீட்டுப் பெரியவர் வானத்தைப் பார்த்துக் கும்பிடுவார், யாரோ ஒரு கிழவி என்ன குறை வைத்தோம் என்று ஆத்தாளிடமே சத்தமாகக் கேட்பாள். ஒருவழியாகக் கிடா உலுக்கியதும் எழும்புகிற குலவையைக் கேட்க வேண்டுமே! அந்தச் சத்தம் ஆற்றின் அக்கரை வரைக்கும் போகும்.

இருக்கன்குடியில் என் மனசைப் பறித்தது ஆயிரங்கண் பானை. கண்ணில் நோவு வந்தவர்களும் அம்மை கண்டு பிழைத்தவர்களும் நேர்ந்துகொண்டு எடுப்பது. உடம்பெல்லாம் துளை போட்ட மண்பானை, உள்ளே விளக்கு. இதைக் கோயில் வாசலில் பார்ப்பதற்கு முன்னால் குயவர் வீட்டுக் கொல்லையில் பார்த்துவிட வேண்டும் என்பேன். பானை வனைந்து முடித்ததும் துளைக்க முடியாது, மண் குழைந்து சப்பிப் போகும். நன்றாகக் காய்ந்த பிறகும் முடியாது, விரிசல் விட்டுவிடும். ஈரம் பாதி இழுத்து, விரலால் அழுத்தினால் தடம் மட்டும் பதிகிற அந்த நேரத்துக்காகக் காத்திருந்து, ஒவ்வொரு கண்ணாகத் திறக்க வேண்டும். கண்கள் ரொம்ப நெருங்கினால் சூளையில் உடையும். தள்ளிப் போனால் உள்ளே விளக்குக்குக் காற்று போதாது. சூளையிலிருந்து முழுசாக வெளியே வருகிற ஒவ்வொரு பானையும் ஒரு வெற்றி!

பிறகு அதே பானையை ராத்திரி பாருங்கள். ஈர மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் அதை ஏந்தி நடக்கிறாள். அவள் முகத்திலும் தோளிலும் பின்னால் வருகிற குழந்தையின் மொட்டைத் தலையிலும் வெளிச்சப் புள்ளிகள் நகர்ந்துகொண்டே போகின்றன. அவளுக்கு முன்னால் அக்னிச் சட்டி எடுத்துப் போகிறவர் கைக்கும் சட்டிக்கும் நடுவில் வேப்பிலைக் கொத்து இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு சொந்தக்காரர் தீ அணையாமல் பார்த்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருகிறார். இந்தத் துணையாட்களை யாரும் படம் பிடிப்பதில்லை. சட்டி எடுப்பவரின் பாதையில் தண்ணீர் ஊற்றுகிறவர், கூட்டத்தை விலக்குகிறவர், உருண்டு வருகிறவருக்குக் கல் குத்தாமல் முன்னாலேயே தரையைக் கூட்டிக்கொண்டு போகிறவர் என்று ஒரு நேர்த்திக்கடனுக்கு நாலு பேர் உழைக்கிறார்கள். இவர்களைத்தான் நான் மறுபடி மறுபடி திரும்பிப் பார்த்தேன்.

விடிகிற நேரத்தில் மாவிளக்கு. முந்தின நாளே பச்சரிசியை ஊறவைத்து, உலர்த்தி, இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து கொண்டுவந்திருப்பார்கள். நடுவில் குழி, நெய், திரி. சன்னதிக்குள் அதற்குள் பூசாரிமார்கள் குளித்து முடித்து வேலையில் இறங்கியிருப்பார்கள். இங்கே பூசாரிக் குடும்பத்தாரே பரம்பரை அறங்காவலர்களும்கூட.

வெளியே கடைகளில் நேர்ச்சைப் பொம்மைகளைப் பாருங்கள். குழந்தை வரம் கேட்டவர்களுக்கும் வரம் கிடைத்தவர்களுக்கும் மண் குழந்தை. கண், கை, கால் என்று நோவு கண்ட உறுப்பெல்லாம் தகடாக. இதே வைப்பாற்றங்கரையில், மேலே வெம்பக்கோட்டையில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 முதல் நடத்திய அகழாய்வில் சுடுமண் உருவங்கள், விளையாட்டுப் பொருள்கள், சங்கு வளையல் துண்டுகள் எல்லாம் வெளியே வந்தன. இந்த ஆற்றோரத்துக் கை மண்ணைப் பிசைந்து உருவம் செய்ததில் எவ்வளவு பழையது என்று நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது!

தின்பண்டத்துக்கு வருவோம். அரிசி உளுந்து மாவை எண்ணெயில் பிழிந்து, பொரித்து, கருப்பட்டிப் பாகில் முக்கி எடுக்கிற கருப்பட்டி மிட்டாயை அடுப்புப் பக்கத்திலேயே நின்று சூடாகத் தின்ன வேண்டும். கடித்தால் உள்ளே பாகு உடையும். அதற்கு மேல் சாத்தூர்ச் சேவு ஒரு பிடி. பூண்டும் மிளகாயும் சேர்ந்த காரம் இனிப்பை அடக்கி, அடுத்த மிட்டாய்க்கு வாயைத் தயார் பண்ணிவிடும். வெயில் ஏறினால் சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சு. கரிசல் மண்ணில் விளைந்த அந்தப் பிஞ்சுக்கு ஈடாக இன்னொன்று நான் தின்றதில்லை.

இந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, தூத்துக்குடி என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். அவர்களோடு சிவகாசியிலிருந்தும் சுற்றுப் பட்டிகளிலிருந்தும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில் செய்கிற குடும்பங்கள் வருகின்றன. 1920-களின் தொடக்கத்தில் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அந்த விதைதான் இன்று இந்தியாவின் பட்டாசில் சுமார் 90 சதவீதத்தைச் செய்கிற ஊராக வளர்ந்திருக்கிறது. ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் சிவப்பு, செம்பு சேர்த்தால் நீலம், அலுமினியம் சேர்த்தால் வெள்ளை என்று நம்முடைய ஒவ்வொரு தீபாவளி ராத்திரிக்கும் நிறம் கொடுக்கிறவர்கள் இவர்கள். மருந்து கலக்கிற வேலை வெயில் ஏறுவதற்கு முன்னால், காலைக் குளிர்ச்சியிலேயே நடக்க வேண்டும். உராய்வும் சூடும் உயிரைக் கேட்கும் வேலை அது. பட்டாசு ஆலைக்குள் வெளியாட்கள் போக முடியாது, போகவும் கூடாது. அங்கே வேலை பார்க்கிறவர்களைப் புதுச் சட்டையிலும் கனகாம்பரத்திலும் பார்க்க வேண்டுமானால் பங்குனியில் வாருங்கள். பங்குனிப் பொங்கலுக்குச் சிவகாசி ஆலைகள் சில நாள் கதவடைத்துவிடும். வருஷம் முழுக்க ஊருக்கெல்லாம் பண்டிகை செய்து அனுப்பியவர்கள் அப்போது தங்கள் பண்டிகையைக் கொண்டாடுகிறார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நிற்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம்!

செலவைக் கேட்பீர்கள். முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் சாத்தூர் வந்துவிடலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே இல்லை. கோயிலில் அன்னதானம் உண்டு. படுக்க ஆற்று மணல் போதும். கதவு வேண்டும் என்றால் சாத்தூரிலும் சிவகாசியிலும் எளிய விடுதிகள் இருக்கின்றன. ஒரு போர்வை, ஒரு தண்ணீர்ப் பாத்திரம், தலைக்கு ஒரு துண்டு. பகலில் வெயில் உச்சியைப் பிளக்கும், அந்தத் துண்டை மறந்துவிடாதீர்கள்.

இவ்வளவு தூரம் வந்தவர்கள் விருதுநகரையும் பார்க்காமல் போகக் கூடாது. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் அங்கே ஏப்ரல் முதல் பாதியில் வரும். ஞாயிறு பொங்கல், மறுநாள் அக்னிச் சட்டி. உடம்பில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, வேப்பிலை கட்டி ஊரே தெருவில் இறங்கும். கூடவே பொருட்காட்சி! காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலைப் பள்ளியின் மைதானத்தில் ராட்டினமும் அப்பளக் கடையும் வளையல் கடையும் நிறைந்து கிடக்கும். வீடுதோறும் பிடியரிசி எடுத்து வளர்த்த பள்ளி அது. ராட்டினத்தின் உச்சியிலிருந்து ஊரையே பார்த்துவிட்டு இறங்கி, விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்குப் போங்கள். அது எண்ணெயில் முழுகி மொறுமொறுவென்று வரும். சால்னாவை ஊற்றச் சொல்லிவிட்டுக் காத்திருக்காமல் உடனே பிய்த்துவிட வேண்டும்.

இரண்டு ஊர் நாளும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் முன்னே பின்னே நகரும் என்பதால், பங்குனி பிறந்ததுமே கொடியேற்றத் தேதியை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பங்குனியில் முடியாதவர்களுக்குச் சிவகாசி பத்ரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கல் இருக்கிறது. அதுவும் தவறினால் இருக்கன்குடியிலேயே ஆடிக் கடைசி வெள்ளி. அன்றைக்கு உற்சவர் ரிஷப வாகனத்தில் ஆற்றில் இறங்கி ஊருக்குள் போவாள். கூட்டம் லட்சக்கணக்கில் வரும், சாலையெல்லாம் மஞ்சள் உடுத்திய நடைப்பயணிகள்தான். அதற்கு வருகிறவர்கள் வியாழக்கிழமை சாயங்காலம் என்று கணக்குப் போடாமல், புதன்கிழமையே வந்து மணலில் இடம் பிடித்துவிடுங்கள்.