சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குள் என்ன எரிகிறது?

கிரகப்பிரவேசத்துக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்த காலம் போய்விட்டது. தாம்பரத்தை அடுத்த சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் புது ஃப்ளாட்டில் குடியேறுகிறவர்களுக்கு இப்போது வாசனை மெழுகுவத்தியோ, பனிபோல நீர்த்திவலை விடும் டிஃப்யூசரோ பரிசாக வருகிறது. கூடவே ஆலோசனையும் வருகிறது: மெழுகுவத்தி உடம்புக்குக் கெடுதல், டிஃப்யூசருக்கு மாறிவிடுங்கள். ஆலோசனை தப்பில்லை. ஆனால் அது ஜன்னலை மூடி ஹீட்டர் போட்டுக்கொள்ளும் குளிர்நாட்டு வீட்டை மனதில் வைத்துச் சொன்னது. தாம்பரத்து வீட்டில் அதற்கு முன்னால் பேசவேண்டிய பொருள்கள் அலமாரியில் வேறே இருக்கின்றன.

முதலாவது கொசுவத்தி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகள், தேங்கி நிற்கும் மழைநீர்க் கால்வாய்கள் என்று சூழ்ந்திருக்கும் வட்டாரத்தில், ஆறு மணியானால் ஜன்னலைச் சாத்துவது கைக்குப் பழகிப்போன வேலை. சாத்திய கையோடு சுருளைக் கொளுத்துகிறோம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2003-இல் ‘என்விரான்மென்டல் ஹெல்த் பெர்ஸ்பெக்டிவ்ஸ்’ இதழில் வெளிவந்தது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம் என்றது அது. ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு என்றால் 51 சிகரெட் வரை. இது சுருள் விடும் கணக்கு, படுத்திருப்பவர் இழுக்கும் கணக்கல்ல. இருந்தாலும் கதவு, ஜன்னல் இரண்டும் சாத்திய பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அந்தப் புகைக்குப் போக்கிடம் ஏது?

வேளச்சேரியிலும் ஆலந்தூரிலும் பெருங்குடியிலும் காற்றின் தரத்தை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அவை தெருக்காற்றை அளக்கின்றன. நுண்துகள் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. படுக்கையறைக்கு நிலையம் கிடையாது, அபராதமும் கிடையாது.

இன்னொரு சங்கதி: ‘கொசு விரட்டும் ஊதுபத்தி’ என்று மலிவாகக் கிடைக்கும் சில சரக்குகளில், இங்கே அனுமதி பெறாத பூச்சிக்கொல்லி கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது. மத்தியப் பூச்சிக்கொல்லிப் பதிவு எண் அட்டையில் இல்லையென்றால், ‘மூலிகை’ என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது சாம்பிராணி. தணலை ஊதி ஊதிக் கண் எரியப் போட்ட வேலையைக் கரித்தூளில் அச்சிட்ட ஒரு கிண்ணம் எளிதாக்கிவிட்டது. அதற்குக் கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று யார் பெயர் வைத்தார்களோ, கம்ப்யூட்டருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது எளிதானதால்தான் வெள்ளிக்கிழமை மட்டும் போட்டது தினசரி ஆனது. குளிப்பாட்டிய கைக்குழந்தையின் தலையைப் புகைக்கு மேலே காட்டும் வழக்கத்தைத்தான் நான் முதலில் விடச் சொல்வேன். ஈரம் போக ஒரு பருத்தித் துண்டு போதும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். காற்றில் நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. விறகு, போக்குவரத்து, சாம்பிராணி என்று துகள் எதிலிருந்து வந்தாலும் நுரையீரல் பெயர் கேட்பதில்லை. பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தையை வேறு அறையில் வைத்துவிட்டுப் போடலாமே.

இந்த வரிசையில் வாசனை மெழுகுவத்தி கடைசிப் பெஞ்சு. பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது, எரிந்தால் கரி கொஞ்சம் விடும், சேர்த்த வாசனையும் கொஞ்சம் ஆவியாகும். திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டி, ஃபேன் காற்று படாமல் எப்போதாவது ஏற்றுகிறவர் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

இனி டிஃப்யூசர். உள்ளே ஒரு சின்னத் தகடு காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிர்ந்து, தண்ணீரையும் அதில் விட்ட எண்ணெயையும் திவலையாக உடைத்து மேலே அனுப்புகிறது. எதுவும் எரிவதில்லை, புகையும் இல்லை. இது உண்மையான லாபம். சிக்கல், நாம் ஊற்றுகிற தண்ணீரில். குக்கரில் வெள்ளைப் படலம் போடும் அதே போர் தண்ணீரை இதில் ஊற்றினால், திவலை காய்ந்ததும் உப்பு துகளாகக் காற்றில் நிற்கும். டிவி மேல் படியும் வெள்ளைத் தூள் அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கு 500 நல்லது, வேறு வழியில்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். 100 மில்லி தண்ணீர் தீரும்போது 100 மில்லிகிராம் உப்பு காற்றுக்குப் போகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34 கனமீட்டர். பத்தில் ஒன்பது பங்கு தரையிலும் மேசையிலும் படிந்து, ஒரு பங்கு மட்டும் மிதந்தாலும் கனமீட்டருக்குச் சுமார் 290 மைக்ரோகிராம் வருகிறது. உப்புத்தூள் கொசுவத்திப் புகை மாதிரி நஞ்சல்ல. ஆனாலும் இழுப்பு உள்ளவருக்கு அது தூசிதான். ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றினால் இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஈரப்பதம் அடுத்த பிரச்சினை. உள்ளே 60 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சென்னையில் டிஃப்யூசர் இல்லாமலே பெரும்பாலான நாள் அதைத் தாண்டியிருக்கிறோம். 2015 டிசம்பரில் தண்ணீர் புகுந்த முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இன்றும் ஐப்பசி பிறந்தால் ஓதம் அடிக்கும் சுவர்கள் உண்டு. அந்த வாடையை மறைக்கத்தான் பலர் வாசனையே தேடுகிறார்கள். நோய்க்கு மருந்தாக இன்னும் கொஞ்சம் ஈரத்தைச் சேர்ப்பது என்ன நியாயம்?

எண்ணெய்க்கு வருவோம். ஒரு கிலோ மல்லிகைச் சாறு எடுக்கப் பல நூறு கிலோ பூ வேண்டும். நூற்றைம்பது ரூபாய் குப்பியில் இருப்பது சத்தியமங்கலத்து மல்லிகையா, செயற்கை வாசனையா என்பது விலையிலேயே தெரிகிறது. அசலாக இருந்தாலும் எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் உள்ள லிமோனின் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடையும் மிக நுண்ணிய துகளையும் உண்டாக்கும். ‘இயற்கை’ என்ற சொல்லுக்கு வேதியியலில் சலுகை இல்லை.

நீலகிரித் தைலம் நம் வீட்டுப் பொருள் என்பதால் யாரும் பயப்படுவதில்லை. பெங்களூரு மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்திய மருத்துவமனைகளுக்கு வலிப்போடு வந்த 350 பேரில் 55 பேருக்கு யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த தைலங்களோடு தொடர்பு தெரிந்தது. வலிப்பு உள்ளவர்களும் சின்னக் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இந்த இரண்டையும் டிஃப்யூசரில் விட வேண்டாம். அதே 2021-இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற தொற்றுநோய் வந்து, இருவர் இறந்தார்கள். காரணம் இந்தியாவில் தயாரான ஒரு வாசனை ஸ்பிரே என்று கண்டுபிடித்தார்கள். அந்த நோயைத் தருவது நம் ஈர மண்ணில் வாழும் கிருமி. தேங்கிய நீரைத் திவலையாக்கும் எந்தக் கருவியையும் தினம் கழுவிக் காயவைக்கச் சொல்வது இப்படிக் கிருமி காற்றில் பரவக்கூடும் என்பதால்தான்.

அப்படியானால் வழி என்ன? தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928-இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. அந்த மருத்துவமனை இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. இங்கிலாந்தில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணிதமேதை ராமானுஜனும் சிகிச்சைக்குத் தங்கியிருக்கிறார். காசத்துக்கு மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் சானடோரியங்கள் நம்பியது திறந்த ஜன்னலை. கொசு இருக்கும் ஊரில் அதற்கு ஈடு, வெல்க்ரோ ஒட்டிய ஜன்னல் வலையும் கட்டிலுக்குக் கொசுவலையும்தான். வலை போட்டுவிட்டு, சுருளை நிறுத்தி, ஓதம் அடிக்கும் சுவரில் கசிவை அடைத்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

பரிசாக வந்த டிஃப்யூசரை வீணாக்க மனமில்லை என்றால் படுக்கையறையில் வேண்டாம், ஹாலில் வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். கேன் தண்ணீர், மூன்று சொட்டு, அரை மணி நேரம். பிறகு மிச்சத் தண்ணீரைக் கொட்டி, உள்ளே துணியால் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ எண்ணெயைத் தொடவே வேண்டாம். பூனையின் கல்லீரலுக்கு அது ஒத்துக்கொள்ளாது.