மரக்காணம் உப்பளக் கடற்கரைக்குக் குடும்பச் சுற்றுலா

விழுப்புரம் மாவட்டத்தில் வங்கக் கடலோரம் அமைந்துள்ள மரக்காணம், உப்பளங்களுக்குப் பெயர் பெற்ற ஊராகும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலும், புதுச்சேரியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளது. மேற்கே திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் வழியாக வரும் சாலை இங்கு கடற்கரைச் சாலையைச் சந்திக்கிறது. கடல், உப்பளம், பறவைகள், பழங்கோயில் ஆகிய நான்கையும் குறைந்த செலவில் இரண்டு நாட்களில் காண விரும்பும் குடும்பங்களுக்கு இது ஏற்ற இடம். ஆனால் இது முதன்மையாக மக்கள் உழைத்துப் பிழைக்கும் கடற்கரை என்பதால் முன்கூட்டியே திட்டமிடுவது அவசியம்.

பெயர்க் குழப்பம்

பிரம்மதேசம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் பல ஊர்கள் உள்ளன. அந்தணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட நிலத்தைக் குறிக்கும் 'பிரமதேயம்' என்ற சொல்லோடு இப்பெயர் தொடர்புடையது. செய்யாறு அருகிலும், திருநெல்வேலி மாவட்டத்தில் அம்பாசமுத்திரம் அருகிலும் இதே பெயரில் ஊர்கள் உண்டு. விழுப்புரம் மாவட்டத்திலேயே எண்ணாயிரம் அருகே சோழர் காலக் கோயில்களுடன் இன்னொரு பிரம்மதேசம் இருக்கிறது. எனவே கைபேசி வரைபடத்தில் தேடும்போதும் பேருந்து ஏறும்போதும் 'மரக்காணம் சாலை பிரம்மதேசம்' என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

செல்ல ஏற்ற காலம்

சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள் மிகவும் ஏற்றவை. அப்போது வெயில் கடுமையாக இருக்காது. உப்பளப் பணிகள் தொடங்கியிருக்கும், வலசைப் பறவைகளையும் காணலாம். ஏப்ரல், மே மாதங்களில் உப்பு விளைச்சல் மிகுதியாக இருந்தாலும், நிழலில்லாத உப்பளத்தில் சிறுவர்களும் முதியவர்களும் நீண்ட நேரம் நிற்க இயலாது. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் மீன் வரத்தும் குறையும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டிக் கரையைக் கடந்த நிவர் புயல், புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட இக்கடற்கரையையே தாக்கியது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயலும் புதுச்சேரி அருகே கரை கடந்தது. இம்மாதங்களில் செல்ல நேர்ந்தால் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும்.

உப்பு விளையும் முறை

கடல் நீரில் சுமார் 3.5 விழுக்காடு உப்புகள் கரைந்துள்ளன. உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் வற்றவிடுகிறார்கள். நீர் ஆவியாக ஆவியாக அடர்த்தி கூடுகிறது. முதலில் சுண்ணாம்புச் சத்துள்ள பொருள்கள் படிகின்றன. அவற்றைப் பிரித்த பின் கடைசிப் பாத்தியில் சமையல் உப்பு படிகமாகிறது. அதைப் பலகையால் வாரி வரப்பில் குவிக்கின்றனர். எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசிய உப்புகள் இருப்பதால் அதை வெளியேற்றிவிடுவர். பள்ளியில் படிக்கும் 'ஆவியாதல்', 'படிகமாதல்' ஆகிய பாடங்களை மாணவர்கள் இங்கு கண்ணெதிரே காணலாம்.

ஒரு மழை பெய்தாலும் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்து பல நாள் உழைப்பு வீணாகும். அதேபோல் பாத்தியில் கால் வைத்தால் சமன்செய்த தரை கெட்டு உப்பில் மண் கலக்கும். ஆகவே தொழிலாளரிடம் அனுமதி கேட்டு, வரப்பில் மட்டும் நடக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் முறையன்று.

இரண்டு நாள் பயணத் திட்டம்

முதல் நாள்: சென்னையிலிருந்து அதிகாலையில் கடற்கரைச் சாலை வழியாகப் புறப்பட்டு, கடப்பாக்கம் அருகிலுள்ள ஆலம்பறைக் கோட்டையைக் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த இக்கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் இடித்தனர். மாலை நான்கு மணிக்கு மேல் மரக்காணம் உப்பளங்களைப் பார்த்துவிட்டு, தங்கும் வசதி மிகுந்த புதுச்சேரிக்குச் செல்லலாம்.

இரண்டாம் நாள்: காலையில் கழுவெளி ஏரிப் பகுதிக்குச் செல்லலாம். உவர்நீர்ச் சதுப்பு நிலமான இது 2021இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சார் தளமாகவும் அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதிக்கும் இடங்களிலிருந்து மட்டுமே பறவைகளைப் பார்க்க வேண்டும். பின்னர், நண்பகலில் நடை சாத்துவதற்கு முன் மரக்காணம் பூமீசுவரர் கோயிலைக் காணலாம். சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள கோயில் இது. அங்கிருந்து பிரம்மதேசம் வழியாகத் திண்டிவனம் சென்றால் சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் தொடர்வண்டி கிடைக்கும். இவ்வாறு சென்றால் நகரப் பேருந்துகளையே பெரிதும் பயன்படுத்திச் செலவைக் குறைக்கலாம்.

கடலில் பாதுகாப்பு

மீனவக் குப்பங்களை ஒட்டிய கடற்கரைகளில் உயிர்காப்பாளர் இருப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. கரையில் மோதும் நீர் ஒரு குறுகிய பாதையில் கடலுக்குள் திரும்பிச் செல்லும். இதுவே 'இழுப்பு நீரோட்டம்'. அலைகள் உடையும் வரிசையில் ஓரிடம் மட்டும் அமைதியாகத் தோன்றினால் அங்கு இழுப்பு இருக்கக்கூடும். அமைதியான இடம் என்று நம்பி அங்கு இறங்குவதே பெரும்பாலும் விபத்துக்குக் காரணமாகிறது.

- இறங்குவதற்கு முன் அங்குள்ள மீனவரிடம் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் இறங்கக் கூடாது.
- சிறுவர்களைக் கணுக்கால் அளவுக்கு மேல் நீரில் விடாமல், ஒருவர் பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும்.
- இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகிய பின் கரை திரும்ப வேண்டும். நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.
- காப்பாற்ற எண்ணிக் குதிப்பவரும் மூழ்க நேரிடும். கயிறு, காலியான தண்ணீர்க் குடம் போன்றவற்றை வீசி, மீனவர்களை அழைத்து, 108க்குத் தெரிவிக்க வேண்டும்.

கொண்டு செல்ல வேண்டியவை

குடிநீர், தொப்பி அல்லது குடை, கால் முழுவதையும் மூடும் செருப்பு, மாற்றுடை, சிறுவர்களுக்கான மருந்துகள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவை தேவை. காலில் புண் இருந்தால் உப்பு நீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும் காலம் என்பதால், இரவில் மணலில் விளக்கடிப்பதையும் நெருப்பு மூட்டுவதையும் தவிர்க்க வேண்டும். நெகிழிக் குப்பைகளைப் பையில் கட்டித் திரும்ப எடுத்துவர வேண்டும்.