செயின்ட் மார்ட்டினின் இரைப்பை

1822 ஜூன் 6. அமெரிக்காவின் மேக்கினா தீவு. ரோமத்தோல் வாங்கி விற்கும் கம்பெனியின் கடையில் ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடிக்க, மிக அருகே நின்ற அலெக்ஸி செயின்ட் மார்ட்டினின் இடது விலாப்பக்கம் சிதைந்தது. படகில் சரக்கேற்றிச் செல்லும் கனடாக்காரர் அவர். காலையில் சாப்பிட்டது காயத்தின் வழியே வெளியே வந்தது. ஓடிவந்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், ஆள் தேறமாட்டார் என்றே நினைத்தார்.

தேறிவிட்டார், துளைதான் மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு தோலோடு ஒட்டி ஆறியதில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு வழி நிலைத்துவிட்டது.

உணவு எப்படிச் செரிக்கிறது என்பதில் அன்று ஆளுக்கொரு கட்சி. இரைப்பை அரைக்கிறது என்றார்கள் சிலர். புளிக்கவைக்கிறது என்றார்கள் சிலர். இத்தாலியின் ஸ்பல்லன்சானி உணவைத் துணிப்பையில் கட்டித் தானே விழுங்கிப் பார்த்தவர். போமான்டுக்கு அந்தச் சிரமம் இல்லை.

1825 ஆகஸ்ட் 1, நண்பகல். மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் என்று சின்னச் சின்னத் துண்டுகளைப் பட்டுநூலில் கட்டித் துளைவழியே இறக்கினார். ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தால் கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன, இறைச்சி அப்படியே இருந்தது. இரண்டு மணிக்கு கோஸ், ரொட்டி, பன்றிக்கொழுப்பு, வேகவைத்த இறைச்சி எதுவும் நூலில் இல்லை. பிறகு இரைப்பைச் சாற்றையே குப்பியில் எடுத்து, உடல்சூட்டில் வைத்து இறைச்சியைப் போட்டார். மெதுவாகத்தான் என்றாலும் அங்கேயும் கரைந்தது. செரிமானம் ரசாயன வேலை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? கோபம் வந்தால் செரிமானம் கெடுவதையும் குறித்துவைத்தார். 1833-ல் புத்தகம் வந்தது; மூன்றே ஆண்டில் ஜெர்மனியின் ஷ்வான் இரைப்பைச் சாற்றில் உணவைக் கரைக்கும் பெப்சின் என்ற பொருளைக் கண்டறிந்தார்.

பிணத்தை அறுத்து உடற்கூறியல் படித்துவிடலாம். உறுப்பு என்ன செய்கிறது என்று கேட்கும் உடலியங்கியலுக்கு உயிருள்ள உடல் வேண்டும். சில சமயம் கணக்கே போதும்: இதயம் தள்ளும் ரத்தத்தைக் கணக்கிட்ட வில்லியம் ஹார்வி, அவ்வளவு ரத்தம் உணவிலிருந்து புதிதாக ஊற வாய்ப்பே இல்லை, இருப்பதுதான் சுற்றிவருகிறது என்று 1628-ல் எழுதினார். வெளியே வெயிலோ குளிரோ, செல்களைச் சூழ்ந்த திரவத்தை உடல் நிலையாக வைத்துக்கொள்கிறது என்றார் பிரான்ஸின் கிளாட் பெர்னார்ட். என்னைக் கேட்டால் இத்துறையின் ஆகப்பெரிய கருத்து அதுதான். இன்று நரம்பு, இதயம், ஹார்மோன், உடற்பயிற்சி, தாவரம் என்று கிளைகள் பிரிந்து கிடக்கின்றன. 1904-ல் நோபல் பெற்ற பாவ்லோவ், போமான்டுக்கு விபத்தில் கிடைத்தது போன்ற துளையை நாய்களின் இரைப்பையில் வேண்டுமென்றே போட்டு ஆராய்ந்தார்.

செயின்ட் மார்ட்டினுக்கு என்ன கிடைத்தது? போமான்டின் வீட்டில் விறகு வெட்டும் வேலை, ஒப்பந்தக் கூலி, பரிசோதனைகளின் வலி. ஒருமுறை சொல்லாமல் கனடாவுக்கே ஓடிப்போனார். வறுமை திரும்ப இழுத்துவந்தது. அவர் சம்மதித்தார் என்று ஒப்பந்தத்தைக் காட்டுவோர் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஏழையின் கைநாட்டைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போமான்ட் 1853-ல் இறந்தார். செயின்ட் மார்ட்டின் அதன்பின் 27 ஆண்டுகள் வாழ்ந்து 1880-ல் காலமானார். இரைப்பையை அருங்காட்சியகத்துக்குக் கேட்ட மருத்துவர்களுக்குக் குடும்பம் இடம் கொடுக்கவில்லை. உடல் நன்றாக அழுகும்வரை வீட்டிலேயே வைத்திருந்து, பிறகுதான் புதைத்தார்கள்.