ஐந்து நாள் யாத்திரையும் ஆயுள் யாத்திரையும்

வடக்கு சென்டினலுக்குப் போன அமெரிக்க இளைஞர் உயிரிழந்தார். நூறு ஆண்டுகளுக்கு முன் கார் நிகோபாருக்குப் போன தமிழர் அங்கே பள்ளிக்கூடம் நடத்தினார். இரண்டு பயணங்கள் சொல்லும் பாடம்.

2018 நவம்பர் 15. வங்கக் கடலில் வடக்கு சென்டினல் தீவின் கரையை ஒரு சிறிய துடுப்புப் படகு நெருங்கியது. படகில் இருந்தவர் ஜான் ஆலன் சாவ், வயது 26. கொடுப்பதற்கு மீன், கத்தரிக்கோல், சேப்டி பின் வைத்திருந்தார். கூடவே நீர் புகாத உறையிட்ட பைபிள். கரையில் நின்றவர்களிடம் பக்திப் பாடல்கள் பாடினார். அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியிலும் பேசிப் பார்த்தார். ஒரு சிறுவன் எய்த அம்பு பைபிளில் தைத்தது. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 17 அன்று, தீவுவாசிகள் அவரது உடலைக் கடற்கரையில் இழுத்துச் செல்வதைத் தூரத்திலிருந்து மீனவர்கள் பார்த்தார்கள்.

கோசா மொழி அவர் வாயில் வந்தது தற்செயல் அல்ல. முன்பு தென்னாப்பிரிக்காவில் இளைஞர்களுக்கான கால்பந்துத் திட்டத்தோடு தொண்டுப் பயணம் போனவர் சாவ். அமெரிக்க சர்ச்சுகளில் இது பெரிய இயக்கம். விடுமுறையில் இளைஞர் குழு கிளம்பும். ஓரிரு வாரம் வெளிநாட்டில் வீடு கட்டும், சுவருக்கு வண்ணம் பூசும், குழந்தைகளுக்குக் கதை சொல்லும், திரும்பிவிடும். ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் அமெரிக்கர்கள் இப்படிப் போவதாக பிரின்ஸ்டன் பல்கலைக்கழக சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ கணக்கிட்டார். போகிறவர்களின் நல்லெண்ணத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. கேள்வி வேறு: வரச் சொன்னது யார்?

சாவ் அவசரக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. பல ஆண்டுகள் திட்டமிட்டார். அந்தமானுக்கு முன்பே வந்து போயிருந்தார். கான்சாஸ் சிட்டியின் ‘ஆல் நேஷன்ஸ்’ அமைப்பில் பயிற்சி பெற்றார். தடுப்பூசிகள் போட்டுக்கொண்டார். நோயைக் கொண்டுபோய்விடக் கூடாது என்று சில நாள் தனியே அடைந்தும் கிடந்தார். தான் செத்தால் அந்த மக்கள் மீது கோபப்பட வேண்டாம் என்று பெற்றோருக்கு எழுதிவைத்தார். ஆனால் வந்தது டூரிஸ்ட் விசாவில். மீனவர்களுக்குக் கொடுத்தது 25,000 ரூபாய். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அந்தத் தீவை நெருங்குவதே குற்றம். அந்த ஆகஸ்டில்தான் 29 தீவுகளுக்கு வெளிநாட்டவர் செல்வதற்கான ஒரு கட்டுப்பாட்டை உள்துறை அமைச்சகம் தளர்த்தியிருந்தது. பட்டியலில் வடக்கு சென்டினலும் இருந்தது. ஆனால் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம் அப்படியேதான் இருந்தது.

அம்புக்குப் பின்னால் ஒரு சரித்திரம்

தீவுவாசிகளின் கோபத்துக்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். 1880இல் பிரிட்டிஷ் அதிகாரி எம்.வி. போர்ட்மேன் அந்தத் தீவில் இறங்கி, ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குப் பிடித்து வந்தார். தம்பதி நோயில் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பினார்கள். அவர்களோடு நோயும் போனதா, யார் கண்டது?

அக்கம்பக்கத் தீவுகளின் கதை இன்னும் கொடுமை. 1858இல் கைதிகள் குடியேற்றம் தொடங்கியபோது கிரேட் அந்தமானியர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1877இல் தட்டம்மை வாரிக்கொண்டு போனது. 1901 சென்சஸில் 625 பேர். 1961இல் 19 பேர். சென்டினல் மக்களுக்கும் வெளியுலக நோய்களை எதிர்க்கும் சக்தி இருக்காது என்பதுதான் மருத்துவர்களின் பயம். ஒரு சாதாரண ஜலதோஷம் போதும்.

அரசும் ஒரு காலத்தில் தேங்காய் கொடுத்து நட்பு பிடிக்கப் பார்த்தது. மானிடவியலாளர் டி.என். பண்டிட் 1967இல் தீவில் இறங்கினார். 1991 ஜனவரியில் மதுமாலா சட்டோபாத்யாய் இருந்த குழுவிடமிருந்து தீவுவாசிகள் முதல்முறையாகக் கைநீட்டித் தேங்காய் வாங்கினார்கள். பிறகு அரசே இந்தப் பயணங்களை நிறுத்திக்கொண்டது. விலகி நின்று கண்காணிப்பதே இப்போதைய கொள்கை. சாவின் உடலை மீட்கும் முயற்சியும் அதனால்தான் கைவிடப்பட்டது. கைதானவர்கள் அவருக்கு உதவியவர்கள்தான்.

முஸ் கிராமத்துத் தமிழர்

அப்படியானால் இந்தத் தீவுகளுக்குக் கிறிஸ்தவம் எப்படி வந்தது? நிகோபார் மாவட்டத்தில் இன்று பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். முதலில் வந்தவர்கள் தோற்றார்கள். தரங்கம்பாடியிலிருந்து 1768இல் நான்கவ்ரிக்குப் போன மொரேவியன் மிஷனரிகள், காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்து, சுமார் இருபது ஆண்டுகளில் மூட்டை கட்டினார்கள்.

வென்றவர் ஒரு தமிழர். வேதப்பன் சாலமன் என்ற உபதேசியார் 1890களின் நடுவில் கார் நிகோபாரில் முஸ் கிராமத்துக்குப் போனார். அரசாங்கத்தின் பிரதிநிதி வேலையும் பார்த்தார். தீவின் பாஷையைக் கற்றார், பள்ளிக்கூடம் நடத்தினார். 1909இல் இறக்கும்வரை அந்தத் தீவுதான் அவர் உலகம். அவர் எழுதிய நாட்குறிப்புகள், நிகோபாரியர் வாழ்க்கையைப் பற்றிப் பிறகு எழுதியவர்களுக்கு ஆதாரமாயின.

அவரிடம் படித்த தீவுப் பையன் ஜான் ரிச்சர்ட்சன் பர்மாவில் படித்துத் திரும்பி ஆசிரியரானார், பாதிரியாரானார். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பின் கொடுமைகளிலும் ஊரோடு நின்றார். 1950இல் பிஷப் ஆனார். அதே ஆண்டில் நிகோபாரி மொழியில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. முதல் மக்களவையின் நியமன உறுப்பினராகவும் இருந்தார். தீவு மக்கள் மதம் மாறியது பெரும்பாலும் இந்த உள்ளூர்க்காரரின் காலத்தில்தான்.

இதை வைத்து ‘சென்டினலுக்கும் ஒரு சாலமன் போகட்டும்’ என்று சொல்ல முடியாது. கார் நிகோபார்காரர்கள் பல நூற்றாண்டுகளாகக் கப்பல்காரர்களுக்குத் தேங்காய் விற்றுப் பேரம் பேசியவர்கள். வந்தவரை எடைபோடவும், வேண்டாம் என்று வாயால் சொல்லவும் அவர்களால் முடிந்தது. சென்டினல் மக்களின் பேச்சோ வெளியே ஒருவருக்கும் புரியாது. பக்கத்துத் தீவின் ஓங்கேக்களை அழைத்துப் போனபோதும் பயனில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொல்ல அம்பு ஒன்றுதான் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு பார்க்க வந்த ஹெலிகாப்டரை நோக்கியும் வில்லை வளைத்துத்தான் பதில் சொன்னார்கள்.

அந்தப் பதில் இன்னும் எல்லார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. போர்ட் பிளேரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்க இளைஞர் ரப்பர் படகில் சென்டினல் கரையேறி, ஒரு தேங்காயையும் ஒரு டயட் கோக் டின்னையும் வைத்துவிட்டுத் திரும்பி, கைதானார். அவர் போனது மதத்துக்காக அல்ல, சாகசத்துக்காக. தீவுக்காரர்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசமில்லை. இருமல் யார் மூலம் வந்தாலும் இருமல்தான்.